குருசாமியின் நாற்பத்தெட்டுக் கையெழுத்து

புதிதாக டயட்டீஷியன் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் நல்ல வார்த்தை குறைவு. கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் தட்டைப் பார்த்துப் பார்த்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவள் நான். வாயை மூடிக்கொண்டு போனால் இந்தத் தொழிலில் நல்ல பெயர் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. அந்த நல்ல பெயரைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

அதற்கு முன் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். நாளைக்கு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் வருகிறவர் போனை நீட்டி, "மேடம், லிவரை க்ளீன் பண்ண இந்த ஜூஸ் நல்லதா?" என்று கேட்பார். ஏரிக்கரையில் பச்சையாக எதையாவது அரைத்து ஊற்றி விற்கிறார்கள், அதைக் குடித்துவிட்டு நேராக நம்மிடம் வருவார்கள். அய்யா, உடம்பில் கழுவித் துடைக்கிற வேலையே கல்லீரலுடையதுதான். நீங்கள் அதைக் கழுவ வேண்டாம். அதன் வேலையைக் கெடுக்காமல் இருந்தால் போதும். இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல உங்களால் முடிந்தால் நீங்கள் என்னைவிடப் பொறுமைசாலி.

கழுவுவது அதன் ஒரு வேலைதான். இன்னொன்று, சேர்த்துவைப்பது. மழைக்காலத்தில் மண் சரிந்து காட் ரோடு அடைபட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அரிசி பருப்பு இருப்பு வைத்திருப்பவள் ரோடு திறக்கும்வரை கவலைப்படமாட்டாள். நல்ல கல்லீரல் அப்படிப்பட்ட வீட்டுக்காரி. நாம் தூங்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும், சேர்த்துவைத்த சர்க்கரையை அளந்து அளந்து உடம்புக்குக் கொடுக்கும். சுருங்கி இறுகிப்போன கல்லீரலிடம் அந்த இருப்பு கிடையாது. சில மணி நேரம் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு தன் சதையையே கரைத்து எரிக்க ஆரம்பித்துவிடும். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நோயுற்ற கல்லீரல் வெளியேற்ற முடியாமல் திணறுகிற அம்மோனியா என்னும் கழிவில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு உதவுவது அந்தச் சதைதான். சதை கரைந்தால் உதவிக்கும் ஆள் இல்லை. கழிவு மூளைக்கு ஏறும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒருவர் மதுரையில் இருந்தார். பேச்சில் மிளகாய். "ஈரல்காரன் வந்தா என்ன சாப்பிட்டேன்னு கேக்காத. கடைசியா எப்பச் சாப்பிட்டேன்னு கேளு, மத்தது அப்புறம்" என்பார். பக்கா பாடம். அதை மனப்பாடமாக வைத்திருந்தும் கேட்க வேண்டிய நாளில் நான் கேட்கவில்லை.

தங்கவேல் பூண்டி என்கிற மலைக்கிராமத்துக்காரர். மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிற விவசாயி. வயது நாற்பத்தைந்து இருக்கும். சொட்டுச் சாராயம் தொடாதவர். எப்போதோ உடம்பில் புகுந்த மஞ்சள் காமாலைக் கிருமி சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து, கல்லீரலைக் கல்லாக்கிவிட்டது. கல்லீரல் அப்படித்தான், பெரும்பகுதி கெட்ட பிறகுதான் முனகவே செய்யும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவார், நான் எழுதிக்கொடுத்ததை ஒரு வரி விடாமல் கடைப்பிடிப்பார். இப்படி ஒரு நோயாளி கிடைத்தால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது!

அவர் ஊரில் பழனிக்குக் காவடி எடுக்கும் கூட்டத்துக்கு அவர்தான் குருசாமி. தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் விரதம். மற்றவர்கள் மதியம் ஒருவேளை சாப்பிட்டு, சாயங்காலப் பூஜை முடிந்ததும் சுண்டலோ பழமோ பிரசாதமாக வாங்கிக்கொள்வார்கள். குருசாமி அதையும் தொடுவதில்லை. எல்லாருக்கும் தன் கையால் கொடுத்துவிட்டு, தன் பங்கைக் கண்ணில் ஒற்றி அடுத்தவருக்கே கொடுத்துவிடுவார். மறுநாள் மதியம்வரை தண்ணீர் மட்டும். அவருடைய அப்பா அப்படி இருந்தாராம், இவரும் அப்படியே.

அந்த வருஷம் விரதத்தின் நடுவில், மாதாந்தரப் பரிசோதனைக்கு வந்தார். மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, செருப்பில்லாமல். கன்னம் ஒட்டியிருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன். "தங்கவேல்" என்று அச்சடித்ததுபோல் எழுதுகிறவர், அன்று கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் எழுதினார். கை நடுங்கியது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொய். குளிர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கிறிஸ்தவச்சி, மிஷன் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிறவள், கழுத்தில் சிலுவை தொங்குகிறது. எதிரே மாலை போட்ட முருக பக்தர். விரதத்தை விடுங்கள் என்று நான் சொன்னால் அது என்னவாகக் கேட்கும்? எங்கள் ஊரில் இந்த ஜாக்கிரதை எல்லாருக்கும் உண்டு, இரண்டு பக்கமும் உண்டு. அதனால்தான் சேர்ந்து வாழ்கிறோம் என்றுகூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நான் ஜாக்கிரதையாகச் சிரித்தேன். அவருடைய கோப்பில், "விரதத்தில் இருக்கிறார். விரதம் முடிந்தபின் ஆலோசனைக்கு வரவும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். எவ்வளவு நாகரிகமான வரி! இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

கூட்டம் மலையிறங்கப் புறப்படுவதற்கு முந்தின நாள் கேரட் ஏற்றுகிற வேனில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. கூட வந்த அவர் மனைவி செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"டயட்டம்மா, நாலு நாளா ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடக்காரு, பகல்ல தூங்குறாரு. கை ரெண்டும் ஆடுது. பேச்சு கொழறுது. ஊரே வந்து, அருள் வந்துருச்சு, சாமி எறங்கிருச்சுன்னு கால்ல விழுந்து கும்புடுதுங்க. நான் மட்டும் பயந்து சாகுறேன். நேத்து என்னயப் பாத்து, சாமி நீங்க எந்த ஊருன்னு கேட்டாரும்மா."

விரதத்தில் ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அவர் கேட்டது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவருடைய மூளை விஷத்தில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, ஊர் அவரிடம் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கை ஆடியதை எல்லாருக்கும் முன்னால் பார்த்தவள் நான். படித்தவள். சம்பளம் வாங்கியவள்.

பிழைத்தார். மருந்தும் நர்சுகளும் பிழைக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் செல்வியைப் பார்த்து, "பூண்டுக்குத் தண்ணி பாய்ச்சியாச்சா?" என்று கேட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

அன்றே எனக்கு அடுத்த சோதனை வந்தது. புதிதாக வந்த இளம் டாக்டர், புரதமே கூடாது, கஞ்சித்தண்ணி மட்டும் என்று எழுதிவைத்திருந்தார். பழைய பாடம். ஊரிலும் இதே பாடம்தான், ஈரல் கெட்டால் உப்பில்லாத கஞ்சி, பருப்பைக் கண்ணால் பார்க்கக்கூடாது. காவடி தூக்கிய அந்தத் தோள்பட்டையைப் போய்ப் பார்த்தேன். எலும்பில் தோல் தொங்கியது. எழுதினவரிடம் நேராகப் போனேன்.

"டாக்டர், இவருக்குக் கல்லீரல் பாதி செத்துருச்சு. மிச்ச வேலையச் சதைதான் பாக்குது. அதையும் பட்டினி போடச் சொல்றீங்களா?"

"மேடம், அம்மோனியா ஏறிரும்."

"பருப்பு, பட்டாணி, தயிர் குடுப்போம். கொஞ்சங் கொஞ்சமா, ஆறு தடவையா. ஏறுனா என்னயத் திட்டுங்க."

அவர் சண்டைக்காரர் இல்லை. யோசித்தார், பெரிய டாக்டரிடம் கேட்டார், தாளைத் திருத்தினார். அறிவு உள்ள பிள்ளை. எதிர்த்துக் கேட்டால் திருத்திக்கொள்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். நாம்தான் கேட்பதில்லை.

பத்து மாதத்தில் தங்கவேலுக்குத் தோள் கொஞ்சம் தேறியது. காலையில் வெள்ளனே ஏதாவது சாப்பிட்டுவிடுவார், படுக்கப் போகும்முன் இன்னொரு தடவை, நடுவில் நான்கு தடவை. மீன், முட்டை, கொண்டைக்கடலை, மொச்சை, ஆயக்குடிக் கொய்யா. உப்பு மட்டும் அளவாக. அவருடைய வயிற்றில் தண்ணீர் சேரவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். கார்த்திகை முடிகிற நேரத்தில் பரிசோதனைக்கு வந்தவர், வேட்டியை ஒழுங்குபண்ணிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"டயட்டம்மா, மால போடப் போறேன். விரதம் முடிஞ்சு வாரேன்."

என்னுடைய போன வருஷத்து வரியை எனக்கே திருப்பிச் சொன்னார். அவருக்கு அது தெரியாது.

"வேணாம் தங்கவேலு. போன தடவ செத்துப் பொழச்சீங்க."

"முருகன் பொழைக்க வச்சான். அவனுக்கு நன்றி செலுத்தாம எப்புடிங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. அவருக்கு உயிர் பெரிதுதான், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிற இடம் அதைவிடப் பெரிது. இதை வெறும் பிடிவாதம் என்று எழுதி மூடிவைக்க நான் தயாராக இல்லை. நன்றாக யோசித்தேன். விரதச் சாப்பாட்டில் எனக்கு என்ன சண்டை? பருப்பு, பயறு, காய், பால். இந்த ஈரலுக்கு அதைவிட நல்லது நானே எழுதமுடியாது. என் சண்டை ஒரு மதியத்துக்கும் அடுத்த மதியத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த நீளமான வெறும் வயிற்றோடுதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பூண்டி பஸ் ஏறினேன். நிர்வாகியிடம் கேட்டிருந்தால் போகாதே என்பார், அதனால் கேட்கவில்லை.

மாலை போடும் நாள் குறிப்பதற்காக மத்தியானம் கோயில் முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். நான் போய் நின்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்தே விட்டார்.

"வேதக்காரம்மாவுக்கு இங்க என்ன சோலி? எங்க விரதத்தக் கெடுக்க வந்தீகளா?"

எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்கவில்லை. ஆனால் போன வருஷம் நான் எழுதிய வரி ஞாபகம் வந்தது. நின்றேன்.

"ஆமா, வேதக்காரிதான். போன வருஷம் அதனாலதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஒங்க குருசாமி கை ஆடுனப்ப அருள் வந்துருச்சுன்னு கும்புட்டீங்கள்ல? அது அருள் இல்ல. ஈரல் செத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும், நான் சொல்லல. பழி எம்மேலதான். இந்த வருஷமும் சொல்லாம இருந்தா நான் மனுசியே இல்ல."

தங்கவேல் எழுந்தார். குரலில் கோபம் இல்லை, ஆனால் இறுக்கம் இருந்தது.

"விரதத்த விடச் சொல்றீங்களா?"

"விட வேணாம். மாலை போடுங்க, பகல் சாப்பாடு ஒங்க வழக்கப்படி. ஆனா படுக்குறதுக்கு முன்னாடியும் காலைல எந்திரிச்ச ஒடனயும் வயித்துல ஏதாவது போகணும். பாலு, பழம், சுண்டல். எது ஒங்களுக்கு ஆகுமோ அது."

"நான் குருசாமி. பிரசாதம் குடுக்குறவன். வாங்குறவன் இல்லீங்க."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து செல்வி முன்னால் வந்தாள். புருஷனைப் பார்த்து, விரதத்தில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள்.

"சாமி. போன வருஷம் என்னய எந்த ஊருன்னு கேட்டீக. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவளப் பாத்து. அதக் கேட்டதுக்கப்புறமும் நான் உசுரோட இருக்கேன். ஒங்களுக்கு யாரும் பிரசாதம் குடுக்க மாட்டாங்கள்ல? நான் குடுக்குறேன். ராத்திரி ஒரு கிண்ணம், வெள்ளனே ஒரு கிண்ணம். முருகன் பேரச் சொல்லித்தான் நீட்டுவேன். வேணாம்னு சொல்லுங்க பாப்போம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாரும். என்னை வேதக்காரி என்றவரே கடைசியில், "பிரசாதத்த வேணாங்கக்கூடாது சாமி, அது அவமரியாத" என்று முடித்துவைத்தார். தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "குடு" என்றார். அந்த ஒரு சொல்லை அந்த மனிதர் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

கூடவே இரண்டு நிபந்தனை போட்டேன். காட்டுப்பாதையில் நடை கிடையாது, அடிவாரம்வரை வேன், பெரிய டாக்டர் சரி என்றால் மட்டும் காவடி. இரண்டாவது, தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் தன் பெயரை எழுத வேண்டும். எழுத்து கோணினால், கை ஆடினால், பகலில் தூங்கினால் செல்வி அவரைக் கேட்கவே வேண்டாம், வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். அருள் வந்துவிட்டது என்று எவனாவது சொன்னால்?

"செருப்பக் கழட்டுவேன்" என்றாள் செல்வி.

நான் ஊர் திரும்புவதற்குள் எனக்கு முன்னால் புகார் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஆள் ஒருவர் இருந்திருக்க வேண்டும். நிர்வாகி மெமோ கொடுத்தார். நோயாளியின் மத வழக்கத்தில் தலையிட்டதற்கும், அனுமதியில்லாமல் நோயாளியின் ஊருக்குப் போனதற்கும் எழுத்துமூலம் விளக்கம் தேவை. பாவம், அவரும் ஜாக்கிரதைக்காரர்.

"இது பெரிய இஷ்யூ ஆயிரும் மேடம். ஒரு ஸாரி லெட்டர் குடுத்துருங்க, முடிச்சிரலாம்."

"விளக்கம் ரெடியாகிட்டு இருக்கு சார். தைப்பூசம் முடியட்டும்."

"விளக்கத்துக்கு எதுக்கு மேடம் அவ்ளோ நாளு?"

"தினமும் ஒரு பக்கம்தான் எழுத முடியுது."

பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். தங்கவேலுக்கு ஏதாவது ஆகியிருந்தால், விரதம் இருக்கவிட்டவள், விரதத்தில் கைவைத்தவள் என்று இரண்டு பழியும் என்மேல்தான் விழுந்திருக்கும். ஒவ்வொரு போன் அடிக்கும்போதும் செல்வியோ என்று ஓடிப்போய் எடுத்தேன். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். இரண்டு நாளாக மலச்சிக்கல், எழுத்து லேசாகச் சாய்ந்திருக்கிறது என்றாள். மலம் தங்கினாலும் அம்மோனியா ஏறும் என்பதால் அன்றே வெரசாக வரச் சொன்னேன்; டாக்டர் பார்த்து மருந்தைக் கூட்டிக்கொடுத்து அனுப்பினார். போன வருஷம் நாலு நாள் ஊர் கும்பிட்டுக் காத்திருந்த அதே வியாதி, இந்த வருஷம் அரை நாளில் அடங்கியது.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் இரண்டு பேரும் வந்தார்கள். மொட்டை போட்ட தலை, சந்தனம், பல்லெல்லாம் சிரிப்பு. பெரிய டாக்டர் சம்மதத்தோடு, அடிவாரத்திலிருந்து காவடியை அவரே தூக்கி, படியேறியிருக்கிறார். இளைப்பாறி இளைப்பாறித்தான் ஏறினாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கம். செல்வி பையிலிருந்து பூ கட்டுகிற நாரில் கட்டிய ஒரு கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நாற்பத்தெட்டு காலண்டர் தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் தங்கவேல், தங்கவேல், தங்கவேல். ஒன்றே ஒன்று மட்டும் சாய்ந்து கிடந்தது. அதன் மூலையில் செல்வி தன் கையெழுத்தில், "வேன் சொல்லியாச்சு" என்று எழுதியிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், ஒளிக்கவில்லை.

அந்தக் கட்டை அப்படியே பிரதியெடுத்து, மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்து, "தாங்கள் கேட்ட விளக்கம். இணைப்பு: நாற்பத்தெட்டு" என்று எழுதி நிர்வாகியின் மேஜையில் வைத்தேன். அவர் புரட்டினார். சாய்ந்திருந்த அந்தத் தாள் வந்ததும் நிறுத்திப் படித்தார். அப்படியே கோப்பில் போட்டார். மெமோவை ரத்து செய்யவில்லை. இன்னும் என் கோப்பில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஓய்வு பெற்ற அன்று என் கோப்பை ஒருமுறை பார்க்கக் கேட்டு வாங்கினேன். ஒரே ஒரு மெமோ, பூண்டிக்குப் போய் வாயைத் திறந்ததற்கு. பிறகு பழைய பதிவறைக்குப் போய்த் தங்கவேலின் கோப்பையும் எடுத்துப் பார்த்தேன். "விரதம் முடிந்தபின் ஆலோசனைக்கு வரவும்." என் கையெழுத்து அழகாக, கோட்டின்மேல் நேராக இருந்தது. அவரைச் சாவின் வாசல்வரை அனுப்பிய அந்த வரிக்கு, இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.